அல்பேர்ட்டாவில் வாங்கிய பழைய படகை பிரிட்டிஷ் கொலம்பியாவில் பதிவதும் வரி கட்டுவதும்

கார் வாங்கிப் பழகியவர்கள் அதே கணக்கோடு படகு வாங்கப் போகும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. காருக்கு ஒரே மேசைதான். காப்புறுதி முகவரிடம் போனால் உரிமை மாற்றம், இலக்கத் தகடு, விற்பனை வரி ஆகிய மூன்றும் ஒரே இருக்கையில் முடிந்துவிடும். வரியைக் கட்டாமல் தகட்டைக் கையில் தரவும் மாட்டார்கள். படகுக்கு அப்படியொரு மேசை கிடையாது. படகின் உரிமம் மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சிடமிருந்து வருகிறது, அதன் விற்பனை வரி மாகாண நிதி அமைச்சுக்குப் போகிறது, அதை ஏற்றிவரும் ட்ரெயிலரோ மாகாண வாகனக் காப்புறுதி நிறுவனமான ஐ.சி.பி.சி.யின் கணக்கில் இருக்கிறது. இந்த மூன்று இடங்களில் எதுவும் மற்ற இரண்டையும் முடித்துவிட்டீர்களா என்று உங்களைக் கேட்பதில்லை.

வேறு மாகாணத்தில் வாங்கும்போது இதனுடன் தூரமும் சேர்கிறது. கல்கரியிலிருந்து வன்கூவர் ஏறத்தாழ 970 கிலோமீற்றர். ஒரு கையொப்பம் விடுபட்டுப் போனதென்று அந்த மலைப்பாதையில் மீண்டும் போய்வர ஒருவராலும் இயலாது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான்: உங்களுக்குத் தேவையான தாள்கள் அனைத்தும், பணம் கைமாறுவதற்கு முன்னால், படகின் பக்கத்தில் நிற்கும்போதே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரேயில் குடியிருக்கும் ஒருவர் கல்கரிக்கு அருகே ஒரு தனியாரிடம் 17 அடி அலுமினியப் படகு ஒன்றை, 60 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்துடனும் ட்ரெயிலருடனும் 18,000 டொலருக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் உரிம விதிகள் கனடா முழுவதற்கும் பொதுவானவை. வரிக் கணக்கு மட்டும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியிருப்பவருக்கே பொருந்தும். மற்ற மாகாணங்களில் வசிப்போர் தத்தம் நிதி அமைச்சின் விகிதத்தையும் படிவத்தையும் பார்க்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

விளம்பரத்தைக் கண்டவுடன் விற்பவரிடம் நான்கு படங்களை அனுப்பும்படி கேளுங்கள். படகின் உடலில் பொறித்த வரிசை எண், இயந்திரத்தின் வரிசை எண், ட்ரெயிலரின் வாகன அடையாள எண், படகு உரிமத்தின் முன்பக்கம் ஆகியவையே அவை. நேர்மையான விற்பனையாளர் எவரும் இவற்றை அனுப்பத் தயங்குவதில்லை. தயங்குகிறவரைத் தேடி 970 கிலோமீற்றர் ஓட வேண்டியதும் இல்லை.

இந்த எண்கள் கிடைத்ததும், அசையும் சொத்துகளின்மேல் உள்ள கடன்கள் பதியப்படும் அல்பேர்ட்டாவின் தனிநபர் சொத்துப் பதிவேட்டில் தேடல் செய்யுங்கள். அந்த மாகாணத்தில் அரசுப் பதிவு வேலைகளைத் தனியார் பதிவு முகவர் நிலையங்களே செய்கின்றன. சிறு கட்டணத்துக்கு அவர்களே தேடிக் கொடுப்பார்கள். படகு, இயந்திரம், ட்ரெயிலர் ஆகிய மூன்றின் எண்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். விற்பவரின் முழுப்பெயரிலும் ஒரு தேடல் செய்யுங்கள். படகுக்குக் கடன் தீர்ந்திருக்க, பின்னர் மாற்றிய புதிய இயந்திரத்துக்குக் கடன் நிலுவையில் இருக்கக்கூடும் என்பதை நம்மவர்கள் பலர் யோசிப்பதில்லை. அந்தக் கடன் படகோடு கூடவே வரும். மாகாண எல்லையைத் தாண்டினால் கடன்காரரின் பிடி விட்டுப்போய்விடும் என்பதும் தவறான எண்ணம். அல்பேர்ட்டாவில் பதிந்திருந்த உரிமையை அவர் குறித்த காலத்துக்குள் இங்கே மீண்டும் பதிந்து தொடர முடியும். தொடர்ந்துவிட்டால் கடனை எடுத்தவர் யாராயிருந்தாலும் படகை இழப்பவர் நீங்கள்தான்.

முற்றத்தில் நின்று பார்க்க வேண்டியவை

படகை அடைந்ததும் முதலில் பின்பக்கம் போய் வலப்புற மேல்மூலையைப் பாருங்கள். வலப்புறம் என்பது படகுக்குள் அதன் முன்முனையான அணியத்தைப் பார்த்து நிற்பவரின் வலப்புறம். 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதிக்குப் பின் கட்டப்பட்ட ஒவ்வொரு உல்லாசப் படகிலும் அந்த இடத்தில் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட வரிசை எண் அழியாதபடி பொறித்திருக்க வேண்டும். அதன் முதல் மூன்று எழுத்துகள் கட்டியவரைக் குறிப்பவை, அடுத்த ஐந்து அந்தப் படகுக்கே உரிய தொடர். கடைசி நான்கில் முதலாவது எழுத்து மாதத்தைக் காட்டும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசெம்பர். அதையடுத்து வரும் இலக்கம் கட்டிய ஆண்டின் கடைசி இலக்கம், இறுதி இரண்டும் மாதிரி ஆண்டு. விளம்பரத்தில் 2012 என்று போட்டிருக்க, எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் 07 ஆக இருந்தால், நீங்கள் பேச வேண்டிய விலை வேறு. இந்த வாசிப்பு இரண்டு நிமிட வேலைதான். அதற்குக் கைவிளக்கும் ஈரத்துணியும் போதும்.

எண்ணைச் சுற்றியுள்ள இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் உரசி மினுக்கிய அடையாளமோ, புதிதாக ஒட்டிய தகடோ, பக்கத்தில் பழைய ஆணித் துளைகளோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதன்பின் நீங்கள் படித்த எண்ணை உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஐந்தும் எஸ்ஸும், எட்டும் பியும் இடம்மாறி எழுதப்படுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அப்படியொரு பிழையோடு விண்ணப்பம் போனால் அது திரும்பி வந்து சேர்வதற்குள் கோடையே முடிந்துவிடும்.

படகு 6 மீற்றருக்குக் குறைவாக இருந்தால் உள்ளே ஓரிடத்தில் கொள்ளளவு அறிவிப்புத் தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைவலு என்று அது சொல்லும். தகட்டில் 50 என்றிருக்க, பின்னால் 60 தொங்கினால், பிற்காலத்தில் காப்புறுதி எடுக்கும்போது அது கேள்வியாக வரும். உயிருக்கும் அது ஆபத்து.

அடுத்ததாக உரிமத்தில் உள்ள பெயர். இதில் என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் மாதக் கடைசியில், கல்கரிக்கு வடக்கே பனி உருகிச் சேறாகக் கிடந்த ஒரு பண்ணை முற்றத்தில் என் முதற் படகைப் பார்த்தேன். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. விற்பவர் அன்பான மனிதர், தேநீரும் தந்தார். பணத்தைக் கொடுத்துப் படகை இழுத்துக்கொண்டு வீடு வந்து, விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் உரிமத்தில் இருந்தது அவருடைய பெயரே அல்ல என்பதைக் கவனித்தேன். அவர் ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொருவரிடம் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமலே ஓட்டியிருக்கிறார். முதலாமவரைக் கண்டுபிடித்து, அவர் இவருக்கு விற்றதாக ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பும்வரை மூன்று கிழமை போனது. அந்த மனிதர் உயிரோடும் ஊரோடும் இருந்தது என் நல்ல காலம். உரிமத்தில் உள்ளவரிலிருந்து உங்கள்வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும். இடையில் ஒரு கண்ணி விட்டிருந்தால், அதைத் தேடிக் கொண்டுவருவது விற்பவரின் வேலை. அது வந்தபின் பணத்தைக் கொடுங்கள்.

படகு உரிமம் என்பது உரிமைப் பத்திரம் அன்று. படகை அடையாளம் காண்பதற்கான இலக்கத்தை மட்டுமே அது தருகிறது. படகு உங்களுடையது என்று நிறுவுவது விற்பனைப் பத்திரம்தான். கனடியக் கப்பற் பதிவேட்டில் பெயரோடு பதிந்த படகுகளுக்கு உரிமைச் சான்று உண்டு என்றாலும், நாம் பேசும் அளவிலான படகுகளில் அதைக் காண்பது அரிது. கண்டால், உரிமை மாற்றத்தை உல்லாசப் படகு உரிமத்தின் வழியாக அல்லாமல் அந்தப் பதிவேட்டின் வழியாகவே செய்ய வேண்டும்.

விற்பனைப் பத்திரம்

இதற்கென்று அரசு முத்திரையிட்ட தாள் எதுவும் தேவையில்லை. வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம். ஆனால் அதில் விற்பவர், வாங்குபவர் இருவரின் முழுப்பெயரும் முகவரியும், விற்ற திகதியும், படகின் தயாரிப்பு, நீளம், நிறம், வரிசை எண், உரிம இலக்கம் ஆகியவையும், இயந்திரத்தின் தயாரிப்பு, குதிரைவலு, வரிசை எண் ஆகியவையும், விலையும், இருவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். கடன் எதுவும் நிலுவையில் இல்லை என்று விற்பவர் உறுதிகூறும் ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதிகளில் கையொப்பம் வாங்கி, உங்கள் பிரதியை அங்கேயே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெயிலருக்குத் தனியாக இன்னொரு பத்திரம் எழுதுங்கள். படகும் இயந்திரமும் 16,000 டொலர், ட்ரெயிலர் 2,000 டொலர் என்று பிரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது: படகின் வரியை நீங்கள் நிதி அமைச்சுக்குக் கட்டப்போகிறீர்கள், ட்ரெயிலரின் வரியோ காப்புறுதி முகவரின் மேசையில் பதியும்போது கட்டப்படும். எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதி வந்தவர் இரண்டு இடத்திலும் அந்தத் தொகையைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

விலையைக் குறைத்து எழுதித் தரட்டுமா என்று விற்பவர் கேட்கக்கூடும். நம்மவர்களே சிலர் அப்படி எழுதித் தரும்படி கேட்கிறார்கள். வேண்டாம். சந்தை மதிப்புக்கு மிகக் கீழே இருக்கும் விலையை நிதி அமைச்சு அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பொய்யான விலையைக் காட்டுவது குற்றமும் ஆகும். அதைவிட நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. படகு எரிந்தாலோ களவு போனாலோ காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது இந்தப் பத்திரத்தைத்தான். 16,000 டொலர் கொடுத்த படகுக்கு 6,000 என்று எழுதிய தாளை அப்போது நீங்கள் நீட்ட வேண்டியிருக்கும். பணத்தைப் பணமாக எண்ணிக் கொடுக்காமல் வங்கி வரைவாகவோ மின்பரிமாற்றமாகவோ கொடுத்தால், பத்திரத்திலுள்ள விலைக்கு வங்கிக் கணக்கும் சாட்சியாக நிற்கும்.

உரிமத்தின் பின்பக்கத்தில் உரிமை மாற்றத்துக்கான இடம் இருந்தால் அதிலும் விற்பவரின் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு, மூலத் தாளைக் கையோடு எடுத்து வாருங்கள்.

வீடு வரும் வழி

அல்பேர்ட்டாவில் இலக்கத் தகடு வாகனத்தோடு போவதில்லை. அது விற்பவருக்கே உரியது. ஆகவே ட்ரெயிலரில் தொங்கும் தகட்டை அவர் கழற்றிவிடுவார், கழற்றவும் வேண்டும். தகடில்லாத ட்ரெயிலரை நெடுஞ்சாலையில் இழுத்துவர, அங்குள்ள பதிவு முகவரிடம் பயண அனுமதி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். புறப்படுமுன், ஐ.சி.பி.சி.யின் ஓட்டோபிளான் வாகனக் காப்புறுதியை விற்கும் உங்கள் சொந்த முகவரிடம் பேசி, தற்காலிக ஓட்ட அனுமதியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை மாலையில் வாங்கிவிட்டு, முகவர் நிலையம் பூட்டியிருக்கக் கண்டு விடுதியில் இரண்டு இரவு தங்கியவர்களை எனக்குத் தெரியும். வேலை நாளில், காலையில் போய் வாங்குவதே நல்லது.

படகோடு சேர்த்து ட்ரெயிலரின் எடை 1,400 கிலோவைத் தாண்டினால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ட்ரெயிலருக்குத் தனியான பிரேக் இருக்க வேண்டும். அல்பேர்ட்டாவின் சமவெளியில் ஏரிக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிய ட்ரெயிலர், ரொக்கி மலையின் இறக்கங்களை ஒருபோதும் கண்டிருக்காது. சில்லுகளின் தாங்கிகளுக்கு மசகு போட்டு, டயரின் வயதைப் பார்த்து, உதிரிச் சில்லு ஒன்றோடு கிளம்புங்கள். ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மலைப்பாதைகளில் இழுக்கும் வாகனத்துக்குக் குளிர்கால டயர் கட்டாயம் என்பதையும் வசந்தத்தில் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி, வழியில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. வரிக்குதிரைச் சிப்பி, குவாகா சிப்பி என்று இரண்டு அந்நியச் சிப்பி இனங்கள் வட அமெரிக்க ஏரிகளை நாசமாக்கி வருகின்றன. 2013இல் மானிடோபாவின் வினிபெக் ஏரியில் முதலாவதும், 2023இல் எல்லைக்கு அப்பால் ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றில் இரண்டாவதும் கண்டுபிடிக்கப்பட்டன. குழாய்களை அடைத்து, மீன்களின் உணவைப் பறித்து, கரைகளை வெட்டும் ஓடுகளால் நிறைப்பவை அவை. ஒரு நீர்நிலையில் பிடித்துவிட்டால் அகற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம். அவை ஊரிலிருந்து ஊருக்குப் போவது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் படகில்தான். ஆதலால் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் வரும்போது திறந்திருக்கும் படகுப் பரிசோதனை நிலையம் ஒவ்வொன்றிலும் நின்றே ஆக வேண்டும். கல்கரியிலிருந்து வருவோர் சந்திக்கும் கோல்டன் நிலையம் அவற்றில் ஒன்று. நிற்காமல் போனால் அபராதம் 345 டொலர். 2024ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, இந்த மாகாணத்துச் சாலைகளில் படகை ஏற்றிச் செல்லும்போது அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி வைத்திருப்பதும் சட்டமாகியிருக்கிறது. விற்பவரின் முற்றத்திலேயே அடைப்பைக் கழற்றி, மீன்தொட்டியையும் அடித்தளத்தையும் வடியவிட்டு, நங்கூரக் கயிற்றைக் காயவைத்து ஏற்றுங்கள். கழற்றிய அடைப்பை வாகனச் சாவியோடு கோர்த்துக்கொண்டால், ஏரிக்கரையில் அதை மாட்டாமல் படகை இறக்கிவிடும் விபத்தும் தவிரும். பரிசோதனை அதிகாரி, படகு கடைசியாக எந்த நீரில், எப்போது கிடந்தது என்று கேட்பார். விற்பவரிடம் அதைக் கேட்டு வைத்திருங்கள்.

விற்பனை வரி

அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை. தனியாள் தனியாளுக்கு விற்கும்போது மத்திய அரசின் ஜி.எஸ்.ரி.யும் இல்லை. ஆகவே அந்த முற்றத்தில் நீங்கள் விலையைத் தவிர ஒரு சதமும் கூடக் கொடுப்பதில்லை, வரி மிச்சம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியிருப்பவர் இங்கே பயன்படுத்தக் கொண்டுவரும் படகுக்கு, எங்கே வாங்கினாலும், இங்குள்ள மாகாண விற்பனை வரியான பி.எஸ்.ரி. உண்டு. தனியாரிடம் வாங்கிய படகுக்கு அது 12 விழுக்காடு. ஜி.எஸ்.ரி. வசூலிக்கும் வணிகரிடம் வாங்கினால் 7 விழுக்காடு.

நம் எடுத்துக்காட்டில் படகும் இயந்திரமும் 16,000 டொலர்; அதன் 12 விழுக்காடு 1,920 டொலர். இதே படகை அதே விலைக்குக் கல்கரி வணிகரிடம் வாங்கியிருந்தால் அங்கே 5 விழுக்காடு ஜி.எஸ்.ரி.யாக 800 டொலர், இங்கே 7 விழுக்காடு பி.எஸ்.ரி.யாக 1,120 டொலர், கூட்டினால் அதுவும் 1,920. தனியார் விற்பனைக்கு ஏன் கூடுதல் விகிதம் என்று மனம் வருந்துவோருக்கு இந்தக் கூட்டல் விடையாகும்: யாரிடம் வாங்கினாலும் மொத்தச் சுமை 12 விழுக்காடாகவே நிற்கிறது. 2010 யூலை முதல் 2013 மார்ச் வரை இந்த மாகாணத்தில் மத்திய, மாகாண வரிகளை ஒன்றாக்கிய 12 விழுக்காட்டு எச்.எஸ்.ரி. இருந்த காலத்தில் தனியார் விற்பனைக்கும் அதே விகிதம் வைத்தார்கள். 2013 ஏப்ரல் 1ஆம் திகதி பழைய பி.எஸ்.ரி. திரும்பிய பின்னும் படகுக்கு அந்த 12 நீடித்தது.

இந்த வரியை உங்களிடம் கேட்டு வாங்க எந்த மேசையிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை. நீங்களாகவே கணக்கிட்டு, நீங்களாகவே கட்ட வேண்டும். இதற்கான தாள் எஃப்.ஐ.என். 405 என்ற இலக்கமுடைய, பதிவு செய்யாத தனியாட்கள் எப்போதாவது வரி கட்டுவதற்கான படிவம். மாகாண அரசின் ஈ-டாக்ஸ் பி.சி. இணையத்தளத்திலும் செலுத்தலாம், படிவத்தை நிரப்பித் தபாலிலும் அனுப்பலாம். விற்பனைப் பத்திரத்தின் பிரதியையும் கூட வைத்திருங்கள்.

காலக்கெடுவைக் கவனமாகப் படியுங்கள். படகு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் வந்த மாதத்துக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாளே கெடு. ஏப்ரல் 25இல் வாங்கி மே 3இல் கொண்டுவந்தால், யூன் 30க்குள் கட்ட வேண்டும். பத்திரத் திகதியை வைத்து எண்ணாதீர்கள். எல்லையைத் தாண்டிய நாளை வைத்து எண்ணுங்கள். பரிசோதனை நிலையத்தில் தரும் தாளையும் எரிபொருள் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்திருந்தால், அந்த நாளுக்கு அவையே சாட்சி. கெடு தவறினால் தண்டமும் வட்டியும் சேரும், நிதி அமைச்சு ஆண்டுகள் கழிந்தும் கணக்குக் கேட்க முடியும். கேட்பார் இல்லை என்று விட்டுவிட்ட 1,920 டொலர், நீங்கள் அந்தப் படகையே விற்றுவிட்ட பிறகு கடிதமாக வந்து நிற்பதைவிட, படகு கொண்டுவந்த அதே கிழமையில் கட்டிவிடுவது மனதுக்கு அமைதி. பயணச் செலவைக் கணக்கிடும்போதே இந்தத் தொகையைப் படகின் விலையோடு கூட்டி, அதன்பிறகும் அல்பேர்ட்டாப் படகு மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பல முறை இருக்காது.

இயந்திரம் 10 குதிரைவலுவுக்குக் குறைவு, ஆகவே உரிமம் தேவையில்லை, ஆகவே வரியும் இல்லை என்று சிலர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். உரிமத்துக்கும் வரிக்கும் தொடர்பில்லை, 9.9 குதிரைவலுப் படகுக்கும் வரி உண்டு.

அல்பேர்ட்டாவில் குடியிருந்து, அங்கே வாங்கிப் பயன்படுத்திய படகோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் குடிபெயர்ந்து வருவோரின் நிலை வேறு. குடிவருவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பிருந்தே படகு அவர்களுக்குச் சொந்தமாகவும் அவர்கள் கையிலும் இருந்து, சொந்தப் பயன்பாட்டுக்காக வந்தால், புதுக் குடியிருப்பாளருக்கான வரிவிலக்கைக் கோர இடமுண்டு. வேலை மாற்றத்தால் கல்கரியிலிருந்து வரும் நம்மவர்கள் இதைத் தெரியாமல் வரி கட்டிவிடுவதும் நடக்கிறது. பழைய விற்பனைப் பத்திரமும், அல்பேர்ட்டா முகவரியுள்ள காப்புறுதித் தாளும், இங்கு வாடகை ஒப்பந்தமும் இருந்தால் திகதிகளை நிறுவலாம்.

ட்ரெயிலர்

இதில் அதிகம் சொல்ல இல்லை. தனிப் பத்திரத்தையும், விற்பவரின் அல்பேர்ட்டாப் பதிவுத் தாளையும், உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓட்டோபிளான் முகவரிடம் போங்கள். வேறு மாகாணத்திலிருந்து வரும் வாகனங்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை கேட்பதுண்டு. ட்ரெயிலரின் எடையைச் சொல்லி, உங்களுடையதற்கு அது வேண்டுமா என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வரியும் தகடும் அந்த மேசையிலேயே முடியும். இழுவைத் தண்டில் உள்ள வாகன அடையாள எண் துருவேறிப் படிக்க முடியாமல் இருந்தால், கம்பித் தூரிகையால் தேய்த்துத் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

படகு உரிமம், பிறகு இலக்கம்

கனடாவில் பயன்படுத்தும் உல்லாசப் படகில் மொத்தம் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் பூட்டியிருந்தால் உல்லாசப் படகு உரிமம் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் அபராதம் 250 டொலர். விற்பவரிடம் ஏற்கெனவே உரிமம் இருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது புது உரிமத்தை அன்று, உரிமை மாற்றத்தை. அல்பேர்ட்டாவில் எடுத்த உரிமமாக இருந்தாலும் இது மத்திய அரசின் உரிமம் என்பதால் மாகாணம் மாறுவதால் இலக்கம் மாறுவதில்லை. அது படகோடேயே வாழ்நாள் முழுவதும் போகும்.

விண்ணப்பத்தைப் போக்குவரத்து அமைச்சின் இணையத்தளத்திலேயே செய்யலாம். கையொப்பமிட்ட விற்பனைப் பத்திரம், அரசு வழங்கிய செல்லுபடியான அடையாளத் தாள், படகின் முழுப் பக்கத்தையும் காட்டும் வண்ணப் படம், விற்பவரின் பழைய உரிமம் ஆகியவை வேண்டும். பக்கப் படத்தில் அணியத்திலிருந்து பின்முனைவரை முழுதும் தெரிய வேண்டும்; தார்ப்பாயைக் கழற்றிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று எடுங்கள். உரிமத்தின் கட்டணமும் செல்லுபடிக் காலமும் அண்மையில் திருத்தப்பட்டவை என்பதால், நண்பர் சொன்ன பழைய கணக்கை நம்பாமல் விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்தில் உள்ள தொகையைச் செலுத்துங்கள். வாங்கிய 30 நாளுக்குள் இதை முடித்துவிடுவதென்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய உரிமம் வரும்வரை, உங்கள் பெயரும் முகவரியும் வாங்கிய திகதியும் உள்ள விற்பனைப் பத்திரத்தைப் படகிலேயே நனையாத உறையில் வைத்திருங்கள். விற்பவரும் தான் விற்றுவிட்டதை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும்; அதை அவருக்கு நினைவூட்டுவது உங்களுக்கும் நல்லது.

படகை ஓட்டுபவருக்குத் தனியாக உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை வேண்டும். 2009 செப்டெம்பர் 15 முதல் இயந்திரப் படகு ஓட்டும் எல்லோருக்கும் இது பொருந்தும். ஒருமுறை பரீட்சை எழுதிப் பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும். ஊரில் பத்து வயதிலேயே கடலில் வள்ளம் ஓட்டியவருக்கும் இங்கே அந்த அட்டை தேவை. படகுக்குக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் படகுத்துறைகள் பெரும்பாலும் கேட்கும், மூன்றாம் ஆளுக்கு நேரும் சேதத்துக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இறுதி வேலை இலக்கத்தை ஒட்டுவது. அணியத்தின் இரு பக்கமும், நீர்மட்டத்துக்கு மேலே, குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் உயரமுள்ள கட்டை எழுத்துகளில், படகின் நிறத்திலிருந்து பளிச்செனப் பிரிந்து தெரியும் நிறத்தில் அது இருக்க வேண்டும். முன்னைய உரிமையாளர் ஒட்டிய எழுத்துகள் வெயிலில் வெளிறி, ஓரம் உரிந்திருக்கும்; அவற்றின்மேல் புதியதை ஒட்டாதீர்கள். முடியுலர்த்தியால் சூடாக்கி மெல்ல உரித்து, பசையை மதுசாரத்தால் துடைத்து, காகித நாடாவால் ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டு, குளிரற்ற ஒரு நாளில் ஒட்டுங்கள். ஒட்டி முடித்ததும் தள்ளி நின்று, உரிமத் தாளை ஒரு கையில் பிடித்தபடி இரு பக்கத்தையும் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பாருங்கள்.